வானம் செய்யாத பிழை

கழுகுமலை வானாய்வு மையத்தில் பொய் சொல்வதற்கென்றே ஒரு பதவி இருந்தது. உறைக்காப்பாளர் என்று அதற்குப் பெயர். ஏழு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவள் செண்பகவல்லி. வாயால் சொல்லும் பொய் இல்லை அது. நிலவிலிருந்து வரும் தரவுக்குள் ஒரு பொய்யை விதைத்துவிட்டு, கூட வேலை பார்க்கும் நாற்பது பேரிடமும் பத்து மாதம் ஒன்றும் தெரியாதவள்போல் நடமாட வேண்டும். கேட்கும்போது இதென்ன பெரிய வேலை என்றுதான் இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

நிலவு நமக்குக் காட்டாத பக்கத்தில் இருநூற்றைம்பது ஆன்டெனாக்களை விரித்து வைத்திருந்தார்கள். மொத்தத்துக்கும் ‘மறுமுகம்’ என்று பெயர். பூமியின் வானொலி இரைச்சல் எட்டாத அந்த இடத்தில், முதல் நட்சத்திரம் பற்றிக்கொள்வதற்கும் முன்னால் பிரபஞ்சத்தில் நிறைந்திருந்த ஹைட்ரஜனின் மெல்லிய முனகலை அவை கேட்டுக்கொண்டிருந்தன. ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக்கிடந்த அந்த வாயு எப்போது கட்டிகட்டியாகத் திரள ஆரம்பித்தது, கட்டிகள் எவ்வளவு பெரியவை என்று தெரிந்தால் போதும். அவற்றைத் திரட்டியது எந்த மாதிரி ஈர்ப்பு என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு இருக்கும் விண்மீன் கூட்டங்கள் எல்லாம் அந்தக் கட்டிகளின் பேரப்பிள்ளைகள்தாம்.

ஆனால் நாற்பது கெட்டிக்காரர்கள் சேர்ந்து ஒன்றைத் தேடினால் இல்லாததும் கிடைத்துவிடும். ஆசை அப்படிப்பட்டது. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு சுற்றிலும் காப்பாளர் ஒரு போலிக் கட்டி வரிசையைத் தரவில் கலந்துவிடலாம், கலக்காமலும் விடலாம். என்ன செய்தார் என்பதை ஒற்றைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டும். மற்றவர்கள் தரவை அலசி, முடிவெழுதி, கட்டுரையின் கடைசிப் புள்ளியையும் வைத்த பிறகுதான் உறை திறக்கும். அதுவரைக்கும் தாங்கள் கண்டது வானத்தையா செண்பகவல்லியின் கைவரிசையையா என்று ஒருவருக்கும் தெரியாது.

எதைக் கலப்பது என்று தீர்மானிப்பதும் அவள் இல்லை. ஒரு துணிப்பைக்குள் ஆறு பித்தளை வில்லைகள் இருக்கும். பூஜ்யம் வந்தால் ஒன்றும் கலக்க வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து ஈர்ப்புக் கோட்பாடுகள். கம்ப்யூட்டரிடம் விட்டால் எங்காவது தடயம் தங்கிவிடும் என்றுதான் இந்தப் பழைய பாணிப் பை. அந்த ஜனவரியில் ஒரு காலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செண்பகவல்லி பைக்குள் கையை விட்டாள். வந்தது நான்கு.

நான்காவது கோட்பாடு அவளுடைய கணவருடையது.

பலவேசம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ‘நீள்கை ஈர்ப்பு’ என்று ஒரு கட்டுரை எழுதினார். தூரம் கூடக்கூட ஈர்ப்பு தளரும். ஆனால் இதுவரை எல்லாரும் நம்பிய அளவுக்குத் தளராது, அதன் கை இன்னும் கொஞ்சம் நீளம் என்பதுதான் சாரம். கை நீளமாக இருந்தால், விண்மீன் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்து வைக்க யாரும் கண்ணால் கண்டிராத கரும்பொருள் என்ற ஒன்று தேவையே இல்லை. கட்டிகளும் சீக்கிரமே திரண்டுவிடும். கட்டுரை வெளியானது. யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் படிக்க வேண்டுமே! ஒரு மாநாட்டில் ரெஜினால்ட் தங்கராஜ் என்பவர் மட்டும் எழுந்து, “இது சரின்னு வந்தா நான் மீசைய எடுத்துருதேன்” என்று சொல்ல, அரங்கம் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனது.

அந்த ரெஜினால்ட்தான் இப்போது மையத்தின் இயக்குநர். கெட்ட மனிதர் இல்லை. பரிசோதிக்க வேண்டிய ஐந்து கோட்பாடுகளில் நீள்கையையும் சேர்த்தது அவர்தான். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் அதன் வக்கீல் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி பலவேசத்தை அழைத்துக்கொண்டதும் அவர்தான். அன்றைக்கே செண்பகவல்லி ராஜினாமாக் கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“வீட்டுக்காரர் குழுவில இருக்கும்போது உறையை நான் வச்சிருக்கது சரியில்ல சார்.”

“ஏம்மா, நீங்க அவருகிட்ட சொல்லிருவீங்களா?”

“செத்தாலும் சொல்லமாட்டேன்.”

“அப்புறம் என்ன? போயி வேலையப் பாருங்க.”

நான்காம் வில்லையோடு நின்றவளுக்கு அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்தது. வில்லையைப் பைக்குள் திரும்பப் போட்டு இன்னொரு தடவை குலுக்கியிருக்கலாம். அறையில் கேமரா கிடையாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தாள். புருஷனுக்காக ஒரு தடவை குலுக்கிவிட்டால் இனி எந்தச் சுற்றையும் தன்னாலேயே நம்ப முடியாது என்று தோன்றவே, வில்லையை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். வலையில் இணைக்காத தனிக் கணினியின் முன்னால் பதினோரு நாள் உட்கார்ந்து ஒரு போலிப் பிரபஞ்சத்தை வளர்த்தாள். வேறு கோட்பாடுகள் வந்த சுற்றுகளில் மூலக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தானே போட்டுப் பார்த்த பிறகுதான் சூத்திரத்தை ஏற்றுவாள். இந்தத் தடவை கட்டுரையைத் தேடும் வேலையே இருக்கவில்லை. அந்தச் சூத்திரம் அவளுக்கு மனப்பாடம்.

மே மாதம் மெஹருன்னிசா அதைக் கண்டுபிடித்தாள். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, தரவு அலசுவதில் குழுவிலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. கேண்டீனில் பலவேசம் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மடிக்கணினியைத் திறந்தபடியே ஓடி வந்தாள்.

“சார், நாலாம் நம்பர் சார்! அச்சு அசலா உங்க வளைவு!”

பலவேசம் திரையைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து பார்த்துவிட்டு, கழுவிய கையை மறுபடியும் போய்க் கழுவினார்.

“இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா. என்னைப் பிடிக்காதவங்க யாராச்சும் பக்கத்துல இருந்து பாக்கட்டும்.”

ரெஜினால்டே பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் அதே வளைவு. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த செண்பகவல்லி தட்டில் இருந்த தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் பலவேசம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். உறை மூடியிருக்கும் காலத்தில் வீட்டில் கட்டிகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

“இன்னிக்கும் ஒண்ணும் பேசக்கூடாது, அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“மிட்டாயாவது திங்கலாமுல்லா?”

தின்றாள்.

போலியாக இருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும்தான். உறை இன்னும் திறக்கவில்லை என்று தினம் ஒருவராவது சொன்னார். சொல்லிக்கொண்டே நம்ப ஆரம்பித்தார்கள். இத்தனை நாளும் பலவேசத்தைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சந்தேகம் கேட்டார்கள். அவருடைய பழைய கட்டுரை குழுவுக்குள் கைமாறிக்கொண்டே இருந்தது. முடிவு என்ன என்று பார்க்க எல்லாரும் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். பலவேசம் சட்டையைத் தேய்த்துப் போட ஆரம்பித்தார். குளியலறையில் பாட்டு கேட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கொஞ்சம் கூனி நடந்த மனிதர் நிமிர்ந்து நடந்தார். அந்த நிமிர்வைப் பார்க்கும்போதெல்லாம் செண்பகவல்லி, நான் கட்டிய பொய்யின்மேல் ஏறி நிற்கிறார், உயரமாக வேறு நிற்கிறார் என்று நினைத்து, துணி உலர்த்தும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

சொல்லிவிடலாமா என்று தோன்றாத நாள் இல்லை. உறையைச் சீக்கிரமே திறந்துவிடும்படி இயக்குநரிடம் கேட்கக் காப்பாளருக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்ட உடனேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு நாற்பது பேரின் பத்து மாத உழைப்பும் வெறும் நாடகம் ஆகிவிடும். அதைவிட, புருஷன் ஏமாறக் கூடாதென்று பெண்டாட்டி காட்டிக்கொடுத்தாள் என்று ஆனால், பலவேசம் அவளை மன்னிக்க மாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெஜினால்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் முதலூர் மஸ்கோத் அல்வா.

“பலவேசம், அன்னிக்கு மாநாட்டுல சொன்னது எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சீரா? மறக்கல வே. உறை தெறக்குற அன்னிக்கு மீசையில்லாமதான் வருவேன்.”

“உறையில என்ன இருக்கோ, யாரு கண்டா?”

ரெஜினால்ட் செண்பகவல்லியை ஏறிட்டுப் பார்த்தார். “அம்மா முகத்துல ஒண்ணும் எழுதியில்லயே!”

“காபி ஆறுது சார்,” என்றாள் செண்பகவல்லி.

அக்டோபரில் குளியலறைப் பாட்டு நின்றது. உலகம் முழுக்கப் படிக்கப்போகும் கட்டுரைக்குக் கோட்பாட்டுப் பகுதியை எழுதுகிற பொறுப்பு பலவேசத்துடையது. பழைய கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டினால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அவர் முதல் வரியிலிருந்து மறுபடியும் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர், மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழவில்லை. மேஜை முழுக்கத் தாள்கள். வைத்த தோசை வைத்தபடி இருந்தது. நாள் நெருங்குகிறது, பதற்றம்தான் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“செண்பகம், ஒண்ணு கேக்கட்டுமா?”

“உறையைப் பத்தின்னா கேக்காதீங்க.”

“உறையைப் பத்தி இல்ல. என் கட்டுரையை நீ கடைசியா எப்ப படிச்ச?”

ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதில் தப்பில்லை.

“அது ஆச்சு பதினஞ்சு, பதினாறு வருஷம்.”

பலவேசம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். “சரி, அந்தத் தோசையைக் கொண்டா” என்றார். அன்றைக்கு நான்கு தோசை சாப்பிட்டார்.

நவம்பர் பதினேழாம் தேதி, காலை பதினோரு மணி. கூட்ட அறையில் நாற்பது பேரும் நிறைந்திருந்தார்கள். ரெஜினால்ட் சொன்னபடியே மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார். மேலுதடு மட்டும் வெளுத்துத் தெரிந்தது, ஆள் பத்து வயது குறைந்திருந்தார். மேஜைமேல் உறை. அரக்கு உடையாமல் இருக்கிறது என்று மெஹருன்னிசா எல்லாருக்கும் காட்டினாள். செண்பகவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்த அறையில் ஒரு மனிதன் உடையப்போகிறான், அதை நான்தான் செய்தேன் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

பலவேசம் எழுந்தார்.

“அதைத் தெறக்குறதுக்கு முன்னால எனக்குப் பத்து நிமிஷம் வேணும்.”

ரெஜினால்ட் சந்தோஷமாகக் கையைக் காட்டினார். ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பார். பலவேசம் பலகையில் இரண்டு சூத்திரங்களை எழுதிவிட்டுத் திரும்பினார்.

“முதல்ல இருக்கது நான் இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால எழுதினது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல என் ஈர்ப்பைப் போட்டிருக்கேன். அது சரி. ஆனா அந்த நேரமெல்லாம் பிரபஞ்சம் விரிஞ்சுகிட்டே இருக்கு. விரியுறதைப் பிடிச்சு இழுக்கதும் ஈர்ப்புதான். அங்கயும் என் ஈர்ப்பைத்தான போட்டிருக்கணும்? போடல. பழைய ஈர்ப்பையே விட்டுட்டேன். வீட்டுக்குள்ள ஒரு சட்டம், வாசல்ல ஒரு சட்டம். எந்தப் பிரபஞ்சமும் அப்படி இருக்க முடியாது. இது தப்பு. போன மாசம்தான் கண்டுபிடிச்சேன்.”

மெஹருன்னிசா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“சார், இத்தனை வருஷமா இதை யாருமே கவனிக்கலயா?”

“யாரும் படிக்கலயேம்மா. படிச்சிருந்தா மறுநாளே பிடிச்சிருப்பாங்க.”

பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பலவேசம் இரண்டாவது சூத்திரத்தைத் தட்டிக் காட்டினார்.

“திருத்திப் போட்டா கட்டிங்க அஞ்சுல ஒரு பங்கு பெருசா வரணும். நாம கண்டுபிடிச்சது எந்த அளவு? பழைய அளவு. கொஞ்சம்கூடப் பிசகல. என் தப்போட சேர்த்து அப்படியே இருக்கு.”

“ஒருவேளை,” ரெஜினால்டின் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது, “தப்புன்னு நீரு நெனக்கதுதான் நெசமோ என்னவோ?”

“இல்ல வே. வானம் எத்தனையோ விசித்திரம் பண்ணும். நான் பண்ணின தப்பைக் காப்பியடிக்காது. காப்பியடிக்கணும்னா என் சூத்திரம் தெரிஞ்ச ஒரு ஆளு வேணும்.” அவர் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. “அந்தக் கட்டிங்க போலி. உறைக்குள்ள நாலுன்னு எழுதியிருக்கும். இல்லேன்னா எல்லாருமா என்னைப் பாத்துச் சிரிங்க. எனக்குப் பழக்கம்தான்.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் செண்பகவல்லிக்கு எல்லாம் விளங்கியது. பேசாமல் இருந்திருந்தால் உறை திறந்திருக்கும், எல்லாரும் ஐயோ பாவம் என்று அவர் தோளைத் தட்டியிருப்பார்கள், அவருடைய கணக்கில் தப்பு இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. வாழ்நாளில் முதல்முறையாக நாற்பது பேர் தன்னை அண்ணாந்து பார்க்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் தன் தப்பைப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். ஒரு மாதமாக அவருக்கும் தெரியும், கட்டுரையைக் கடைசியாக எப்போது படித்தாய் என்று கேட்டதும் அதனால்தான். ஒரே மேஜையில், ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு, இருவரும் தோசை தின்றிருக்கிறார்கள். உறையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அவளுக்குப் பெருமை பொங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியபோது அவள் துடைக்கவில்லை, இனி முகத்தை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மெஹருன்னிசா அரக்கை உடைத்தாள். தாளை விரித்து, “கோட்பாடு நான்கு” என்று வாசித்தாள். ரெஜினால்ட் கை தானாக மேலுதட்டுக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

“மன்னிச்சுக்கிடும் வே,” என்றார் பலவேசம். “ஒரு மாசத்துல வளந்துரும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள். பிறகு அறை முழுக்கத் தட்டியது. தட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் செண்பகவல்லி எழுந்து முன்னால் வந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும். எந்தக் கோட்பாடு வந்தாலும் சரிபாத்துட்டுத்தான் ஏத்துவேன். அதுதான் முறை. இதை மட்டும் சரிபாக்கல. மனப்பாடமா இருந்துச்சு, அப்படியே ஏத்திட்டேன். இவரு கணக்குல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அதனாலதான் போலி வெளிய தெரிஞ்சுபோச்சு. தப்பு என்னுது.” இரும்புப் பெட்டியின் சாவியை மேஜைமேல் வைத்தாள். “இதை வேற யார்கிட்டயாச்சும் குடுங்க சார்.”

ரெஜினால்ட் மறுத்துப் பேச வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை இருந்தது. போலியைத் தரவிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு, திருத்திய சூத்திரத்தோடு மறுபடியும் ஓட்டினார்கள். இந்தத் தடவை உறை இல்லை. இருப்பது வானம் மட்டும். கணினி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. இடையில் எல்லாரும் சாப்பிட்டார்கள். செண்பகவல்லி, பத்து மாதத்துக்குப் பிறகு, மையத்தில் புருஷனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திருத்திய கணக்கு வானத்தோடு பொருந்திவிடாதா என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

“பொருந்திரும்னு நெனக்கீங்களா?”

“தெரியல. தெரியாம இருக்கது நல்லாத்தான் இருக்கு.”

பொருந்தவில்லை. இரண்டரை மணிக்குத் திரையில் வந்த வளைவு, பழைய ஈர்ப்பும் யாரும் காணாத கரும்பொருளும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களோ அப்படியே இருந்தது. நீள்கையின் வளைவு தனியாக, எங்கோ மேலே போய்க்கொண்டிருந்தது. மெஹருன்னிசா திரையைப் பார்த்தபடியே நின்றாள். பலவேசத்தின் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

பலவேசம்தான் முதலில் பேசினார்.

“எம்புட்டுப் பேரு எம்புட்டோ கோட்பாடு எழுதுதாங்க. சரியா தப்பான்னுகூடத் தெரியாமப் பாதிப் பேரு செத்துப்போறாங்க. நான் ஆசிரியர் அறையில உக்காந்து எழுதினதைச் சரிபாக்க ஆளுங்க நிலாவுக்கு அந்தப் பக்கம் போகவேண்டியிருந்துச்சு. போயி, தப்புன்னு கண்டுபிடிச்சு வந்திருக்காங்க. வேற என்ன வேணும்?”

“கட்டுரையை மாத்தணும்,” என்றார் ரெஜினால்ட். “நீள்கை ஈர்ப்பு இல்லன்னு தலைப்பு. மெஹர் எழுதட்டும். உமக்கு வேண்டாம் வே, கஷ்டமா இருக்கும்.”

“என் கோட்பாட்டை வேற ஆளு முடிச்சு வைக்கதா? நான்தான் எழுதுவேன். முதல் பேரு என்னுது. அடுத்தது இந்தப் பிள்ளையோடது. இதுல விட்டுக்குடுக்கமாட்டேன்.”

பத்து நாளில் எழுதி முடித்தார். பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் பதினெட்டுப் பக்கங்களையும் செண்பகவல்லி முன்னால் வைத்தார். கூடவே ஒரு சிவப்புப் பேனா.

“வரிவரியாப் பாரு. யாரோ முன்னப்பின்னத் தெரியாத ஆளு எழுதினதுன்னு நெனச்சுக்கோ.”

“வேற மாதிரி பாக்க இனிமே எனக்கு வராது.”

அவள் படிக்க ஆரம்பித்தாள். பலவேசம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதில் ஒன்றும் படிக்காமல், அவளுடைய பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. அவள் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எதையோ போட்டுப் பார்த்தாள். அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள்.

“இங்க ஆன்டெனா இரைச்சலை ரெண்டு தடவை சேர்த்திருக்கீங்க.”

“எங்க?”

“இந்தா. மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை. அதனால அளவீட்டுப் பிழை நெசத்தைவிடப் பெருசாத் தெரியுது. உங்க கோட்பாடு வானத்தை விட்டு அந்தப் பிழையைப்போல அஞ்சு மடங்குதான் விலகியிருக்குன்னு வருது. உங்க பிள்ளைக்கு நீங்களே மார்க்கைக் கூட்டிப் போட்டுட்டீங்க.”

“வேணும்னு போடல.”

“தெரியும்.”

“திருத்தினா எவ்வளவு வருது?”

பத்து மாதம் வாய் திறக்காமல் இருந்தவள், அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“ஏழு மடங்கு. இன்னும் மோசமாத் தோத்திருக்கீங்க.”

பலவேசம் தாளை வாங்கி அவள் போட்ட கணக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. ஐந்தை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக ஏழு என்று எழுதினார்.

“அடுத்த பக்கம் பாரு,” என்றார்.